உடைந்த வளையல், தார் டிரம், குனிந்து நுழையும் வாசல்: சண்டிகர் ராக் கார்டன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளி ஆண்டுவிழாவானாலும் கல்லூரிக் கலைவிழாவானாலும் ‘கழிவிலிருந்து கலை’ என்று ஒரு மூலை இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் பூ, பழைய சிடியில் மயில், டயரில் யானை. நாலு பேர் படம் எடுப்பார்கள். மறுநாள் எல்லாம் குப்பை வண்டியில் ஏறிவிடும். செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. பொருள் குப்பையிலிருந்து வந்தது என்பதைத் தவிர அந்த மூலையில் பேச வேறு விஷயம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

எளிய பொருட்களை வைத்து, ஆட்கள் உள்ளே நுழைந்து நடக்கிற, தொடுகிற, ஏறி ஆடுகிற ஒரு நிறுவல் கலையை உருவாக்கினால் அதில் எது நிற்கும், எது சீக்கிரம் விழும்? இந்தக் கேள்விக்கு, குப்பையை வைத்தே கட்டிய சிற்பத் தோட்டமான சண்டிகரின் ராக் கார்டன் அளவுக்கு முழுமையான உதாரணம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அறுபது ஆண்டுக்கு மேல் வெயில், மழை, கூட்டம், அரசாங்கம், புல்டோசர் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட இடம் அது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிலைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். சிலைகள் அங்கே இரண்டாம் பட்சம் என்பது என் கருத்து. பொருளைப் பிரித்து வைத்த விதமும், வருகிறவரை நடக்க வைத்த விதமும்தான் அந்த இடத்தை உண்டாக்கின.

ஊர் கட்டிய குப்பை

ராக் கார்டனை உருவாக்கிய நேக் சந்த் சைனி 1924இல் பெரியான் கலான் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இல் நாடு பிரிந்தபோது குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. 1951இல் அவருக்குச் சண்டிகரில் பொதுப்பணித்துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. ஓவியப் பள்ளி, சிற்பக் கல்லூரி எதற்கும் போனவர் இல்லை.

லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. அதைத் திட்டமிட்டவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. 1,200 மீட்டருக்கு 800 மீட்டர் என்று செக்டர் செக்டராகக் கோடு போட்டு எழுப்பிய நகரம். அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த கிராமங்கள் பல காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. ஆக, ஒரே சமயத்தில் இரண்டு வகைக் குப்பை சேர்ந்தது. இடித்த வீடுகளிலிருந்து பானை ஓடும் உடைந்த பாத்திரமும் வளையல் துண்டும். கட்டுகிற வீடுகளிலிருந்து உடைந்த டைல்ஸ், விரிசல் விட்ட வாஷ்பேசின், மழையில் நனைந்து மூட்டையோடு கெட்டியாகிப்போன சிமெண்ட், காலியான தார் டிரம். ரோடு இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் எங்கே கொட்டப்படுகிறது என்பது அத்துப்படி. கலைஞராக அவருக்குக் கிடைத்த முதல் சலுகை அந்த உத்தியோகம்தான்.

1958 வாக்கில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். நகரத்தின் வடக்கு ஓரத்தில், சுக்னா ஏரிக்கும் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் இருக்கும் கேபிடல் வளாகத்துக்கும் நடுவே, யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று ஒதுக்கிய காட்டுப் பகுதி. அங்கே புதர்களுக்கு நடுவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் சைக்கிளில் ஆற்றுப் படுகைக்குப் போவார். பறவை மாதிரி, மனிதர் மாதிரி, குரங்கு மாதிரித் தோன்றும் கற்களைப் பொறுக்கிக் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார் என்று சொல்வார்கள். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் செய்தது என்பதால் வேலை போகும் அபாயம் எப்போதும் இருந்தது. மனைவிக்கும் நம்பிக்கையான ஓரிருவருக்கும் மட்டுமே விஷயம் தெரியும்.

கட்டத் தொடங்கியது 1965இல். நடுவில் சுமார் ஏழு ஆண்டுகள் சேகரிப்புதான். இன்று கழிவுக் கலைப் பட்டறை நடத்துகிறவர்கள் காலையில் பொருளைக் கொட்டி மாலையில் சிற்பத்தை எடுக்கச் சொல்கிறார்கள். அது பட்டறைக்குச் சரி. இந்த அளவு வேலைக்கு அப்படி வராது.

பிரிப்பதுதான் பாதி வேலை

ராக் கார்டனில் ஒரு சுவர் முழுக்கப் பீங்கான் மின்சார சாக்கெட்டாக இருக்கும். இன்னொரு சுவர் தார் டிரம்களை நிறுத்தி வைத்ததாக இருக்கும். கெட்டியான சிமெண்ட் மூட்டைகளை அப்படியே அடுக்கியது இன்னொன்று. சாக்குத் துணி மக்கிப்போய் அதன் நெசவு மட்டும் சிமெண்டில் பதிந்து நிற்கிறது. சிலைகளுக்கும் இதே கதைதான். வளையல் துண்டு பதித்த பெண்கள் ஒரு கூட்டம், வெள்ளைப் பீங்கான் பூசிய மனிதர்கள் ஒரு கூட்டம், கரித்தூளும் கசடும் கலந்த கறுத்த உருவங்கள் ஒரு கூட்டம்.

அதாவது, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கலந்து கொட்டவில்லை. உடைந்த சாக்கெட் ஒன்றைச் சுவரில் பதித்தால் பார்க்கிறவருக்கு உடைந்த சாக்கெட்தான் தெரியும். அதே சாக்கெட் சுவர் முழுக்க வந்தால் அது சாக்கெட்டாக இருப்பதை மறந்து ஒரு மேற்பரப்பாகிவிடுகிறது. கிட்டே போய்ப் பார்க்கும்போதுதான் ‘அட, நம் வீட்டில் இருந்த பழைய ப்ளக் பாயிண்ட்’ என்று உறைக்கிறது. தூரத்தில் ஒன்று, பக்கத்தில் வேறொன்று. இந்த இரட்டைப் பார்வை எண்ணிக்கையால் மட்டுமே வருகிறது, எண்ணிக்கை பிரித்து வைப்பதால் வருகிறது. நம் ஊர்க் காயலான் கடைக்காரர் இரும்பு தனி, அலுமினியம் தனி, பித்தளை தனி என்று குவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அவர் எடை போட்டு விற்பதற்காகச் செய்வதை நேக் சந்த் நிறத்துக்காகவும் வடிவத்துக்காகவும் செய்தார்.

பொருள் தேர்வில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய பிரதானப் பொருட்கள் கண்ணாடி, பீங்கான், சுட்ட மண், கல், சிமெண்ட். அநேகமாக எல்லாம் நெருப்பில் ஒரு முறை வெந்தவை. பீங்கானின் பளபளப்பு என்பது உருகி ஒட்டிய கண்ணாடிப் படலம். வளையலின் பச்சையும் சிவப்பும் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கும் நிறம். சண்டிகரின் கோடை அதை வெளுக்கச் செய்யாது. பெயிண்ட் அடித்திருந்தால் சில ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் செய்திருந்தால் வெயில் பட்டு நிறம் மங்கி, தொட்டால் நொறுங்குகிற நிலைக்கு வந்திருக்கும். அவர் வேதியியல் படித்து இதைச் செய்யவில்லை. அந்தக் காலத்துக் குப்பையில் பிளாஸ்டிக் குறைவு என்பதும் ஒரு காரணம். இன்று கடற்கரைக் குப்பையை வைத்து நிரந்தரச் சிற்பம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் மட்டும் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. அதே குப்பையில் ஒரு வாரக் கண்காட்சி செய்வதானால் கவலையே இல்லை.

ஒரு வளையல் பெண் எப்படி நிற்கிறாள்

கிட்டத்தில் போய் ஒரு உருவத்தைப் பார்ப்போம். உள்ளே எலும்புக்கூடு ஒன்று உண்டு. பல உருவங்களுக்கு அது துருப்பிடித்த சைக்கிளின் பாகங்கள்: பிரேம் உடலாகிறது, ஃபோர்க் காலாகிறது, சில மிருகங்களுக்கு சீட் தலையாகிவிடுகிறது. வேறு சிலவற்றுக்குக் கம்பியும் குழாயும். இதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவையை அப்பி அப்பி உடம்பு ஏற்றுகிறார்கள். கடைசிப் பூச்சு நைசான சிமெண்ட். அது இறுகுவதற்கு முன்னால் வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும்.

இங்கேதான் கை வேகம் தேவைப்படுகிறது. பூச்சு ரொம்ப ஈரமாக இருந்தால் துண்டு சரிந்துவிடும். இறுக விட்டால் உள்ளே போகாது. போனாலும் பிறகு உதிரும். ஆகவே ஒரே ஆள் முழு உருவத்தையும் ஒரே மூச்சில் பூசி வைத்துவிட முடியாது. பகுதி பகுதியாகத்தான் போக வேண்டும். பாவாடையில் வண்ணம் பட்டை பட்டையாக இறங்குவதைப் பார்த்தால் கைக்கு எட்டிய பகுதியும் பூச்சு தாங்கிய நேரமும் சேர்ந்து அந்தப் பட்டைகளை வகுத்திருக்குமோ என்று தோன்றுகிறது. வளையல் துண்டு வளைந்தது என்பதால் தட்டையாகப் படியாமல் சற்றுத் துருத்தி நிற்கிறது. அதனால் வெயில் சாயும்போது பாவாடை முழுக்கச் சின்னச் சின்ன நிழல்.

முகங்களில் நுணுக்கம் இல்லை. மூக்கு ஒரு மேடு, கண் இரண்டு குழி, அவ்வளவே. தனியாக ஒன்றை எடுத்து அருங்காட்சியகப் பீடத்தில் வைத்தால் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அங்கே அவை தனியாக நிற்பதில்லை. குடம் சுமக்கும் பெண்கள் ஒரு சரிவு முழுக்க, வாத்தியக்காரர்கள் அடுத்த மேடை முழுக்க, குரங்குகள் இன்னொரு மேடு முழுக்க என்று எல்லாம் நம்மைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. நாம் அவற்றைப் பார்க்கப் போய், அவை நம்மைப் பார்க்கிற கூட்டமாகிவிடுகிற இடம் அது. முகத்தில் நுணுக்கம் கூடியிருந்தால் இந்த உணர்வு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரசிக்க ஆரம்பித்திருப்போம்.

உடம்புக்கு வேலை வைத்த பாதை

வெளியே சண்டிகர் நேர்கோட்டு நகரம். அகலச் சாலை, ரவுண்டானா, தூரத்திலேயே கண்ணில் படும் கட்டடம். ராக் கார்டன் வாசலில் நுழைந்ததும் அது அத்தனையும் அறுந்துபோகிறது. பாதை குறுகுகிறது. இரண்டு பக்கமும் ஆளை மீறிய சுவர். அடுத்து என்ன வரும் என்று தெரியாது. சில வாசல்கள் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டவை. பெரிய ஆள் என்றாலும் தலை குனியாமல் நுழைய முடியாது. குனிந்து நிமிர்ந்ததும் திடீரென்று அகலமான முற்றம். பிறகு மறுபடி குறுகல், ஒரு வளைவு, தண்ணீர்ச் சத்தம். அருவி எங்கே என்று தெரிவதற்கு முன்னால் காதுக்கு எட்டிவிடுகிறது.

நிலப்பரப்பு மொத்தம் சுமார் 40 ஏக்கர் என்கிறார்கள். உள்ளே நடக்கும்போது அது எவ்வளவு பெரியது என்று கணிக்கவே முடியாது. உயரத்திலிருந்து முழுமையாகப் பார்க்க வாய்ப்பே தராமல், அறை அறையாகக் கோத்திருப்பதுதான் காரணம். தோட்டம் மூன்று கட்டமாக எழுந்தது. முதல் கட்டத்தில் ஆற்றுக் கற்கள்தான் அதிகம். பெரிதாகச் செதுக்காமல், கிடைத்த உருவத்திலேயே, ஒரு அரசவை போல அமர்த்தி வைத்திருக்கிறார். இரண்டாம் கட்டத்தில் அருவிகளும் பள்ளத்தாக்கும் வருகின்றன. சுவரிலிருந்து சிமெண்ட் வேர்கள் தொங்குகின்றன, பக்கத்திலேயே நிஜ மரத்தின் வேரும் இறங்குகிறது. எது எது என்று கையால் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடிவதில்லை. சிலைக் கூட்டங்களும் இந்தப் பகுதியில்தான்.

உள்ளே மூழ்கடிக்கிற அனுபவம் என்றாலே இப்போது இருட்டறை, நாலு சுவரிலும் புரொஜெக்டர், காதைப் பிளக்கும் இசை என்று ஆகிவிட்டது. இங்கே கருவி எதுவும் கிடையாது. வாசலின் உயரம், பாதையின் அகலம், தரையின் சரிவு, தண்ணீரின் சத்தம், நிழலிலிருந்து வெயிலுக்கு வருகிற மாற்றம். இவை நடக்கிற உடம்பின் மேல் வேலை செய்கின்றன. இதைச் செய்ய அடிப்படையில் தேவைப்படுவது கொத்தனார் வேலையும் மண்வெட்டியும்.

ஏறத்தாழ அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் வேறொருவர் இதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். 1967இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகர நவீன கலை அருங்காட்சியகத்தில் எலியோ ஒய்டிசிகா ‘ட்ரொபிகாலியா’ என்ற படைப்பை வைத்தார். மணல், சரளைக் கல், செடிகள், கிளிகள், மரச்சட்டத்தில் கட்டிய மலிவான துணி, சிக்கலாக வளையும் ஒரு நடைபாதை, அதன் முடிவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிவி. பார்வையாளர் உள்ளே போய் நடந்தால்தான் அது படைப்பு. கலை வரலாறு அதைப் பெரிய திருப்பமாகப் பதிந்துவைத்தது. அந்த வருடம் நேக் சந்த் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒய்டிசிகாவுக்குக் கொள்கை இருந்தது, எழுத்து இருந்தது, விவாதிக்க நண்பர்கள் இருந்தார்கள். நேக் சந்துக்கு இருந்தது இடமும் நேரமும்.

ஊஞ்சல்

மூன்றாம் கட்டம் மிகப் பெரியது, அவர் கடைசிவரை கட்டிக்கொண்டிருந்ததும் அதுதான். உயரமான வளைவு மண்டபங்கள், அவற்றின் உச்சியில் வரிசையாகக் குதிரைகள், வளைவுக்கு வளைவு சங்கிலியில் தொங்கும் பெரிய ஊஞ்சல்கள். இவை குழந்தைகளுக்கு மட்டுமானவை அல்ல. பாட்டி முதல் பேத்தி வரை வரிசையில் நின்று ஆடுகிறார்கள். வளைத்து வளைத்துக் காட்டும் கண்ணாடிகள், திறந்தவெளி அரங்கம், மீன் தொட்டிகள், பழைய துணியில் செய்த ஆளுயர பொம்மைகள் எல்லாம் இந்தப் பகுதியில்.

கலை விமர்சகர்கள் சிலருக்கு இந்தப் பகுதி பிடிப்பதில்லை. முதல் இரண்டு கட்டங்களின் செறிவு இங்கே இல்லை, பொருட்காட்சி மாதிரி ஆகிவிட்டது என்பது குறை. குறை முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 பேர் வருகிற இடம் இது. ஊரிலிருந்து வேனில் வந்து இறங்குகிற குடும்பம் ஒன்றரை மணி நேரம் குறுகல் பாதையில் ‘தொடாதே, தொடாதே’ என்று பிள்ளைகளை அடக்கிக்கொண்டு வந்த பிறகு, இங்கே வந்து எல்லோரும் ஊஞ்சலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்றப் பகுதிகளில் சிலைகள் பிழைத்திருப்பதற்கு ஊஞ்சலும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. தொடுவதற்கென்று ஒரு இடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால் தொடக் கூடாத இடத்தில் கை கொஞ்சம் அடங்கும். பங்கேற்பு நிறுவல்களைத் திட்டமிடுகிறவர்கள் சென்சாரைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம்: ஊஞ்சல் பழுதானால் சங்கிலியை மாற்றினால் போதும். உள்ளூர்ப் பட்டறைக்காரரே செய்துவிடுவார். ஆறு மாதத்தில் மென்பொருள் பழசாகி ‘தற்காலிகமாக இயங்கவில்லை’ என்று அட்டை தொங்கவிட்ட கண்காட்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பிடிபட்ட பிறகு

1970களின் நடுவில் விஷயம் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. அதற்குள் சுமார் 12 ஏக்கரில் முற்றங்களும் சிலைகளும் எழுந்துவிட்டன. சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு, இடிக்கலாம். இடித்துவிட வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பொதுமக்கள் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. 1976இல் அதைப் பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். நேக் சந்துக்கு ரோடு வேலையிலிருந்து விடுதலை, ‘ராக் கார்டன் துணைக் கோட்டப் பொறியாளர்’ என்று ஒரு பதவி, சம்பளம், கூடவே 50 தொழிலாளர்கள். நம் அரசு அலுவலகங்களின் கோப்புகளைப் பார்த்துச் சலித்தவர்கள் இந்த ஒரு கோப்பை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

நகரத்தில் பல இடங்களில் கழிவு சேகரிப்பு மையங்கள் வைத்தார்கள். ஓட்டல்களிலிருந்து உடைந்த கோப்பை, தட்டு. தொழிற்சாலைகளிலிருந்து நிராகரித்த பீங்கான். ஒரு மனிதர் சைக்கிளில் சேர்த்ததை இப்போது ஒரு அமைப்பு சேர்த்தது. அளவு பெருத்ததற்கு இதுதான் நேரடிக் காரணம். 1983இல் ராக் கார்டன் தபால்தலையில் வந்தது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

1980களின் நடுவில் வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்காக அவர் ஒரு சிறிய தோட்டம் அமைத்துக் கொடுத்தார். சிலைகள் இங்கிருந்து போயின. அந்த அருங்காட்சியகம் இடத்தைக் காலி செய்தபோது, 2004இல், தோட்டத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சிலைகளில் பல வேறு அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்து பத்திரமாக இருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கனில் உள்ள ஜான் மைக்கேல் கோலர் கலை மையம் அவற்றில் ஒன்று. சிலை பிழைத்தது, நடைபாதையும் சுவரும் பிழைக்கவில்லை. பிரித்து எடுத்துப் பெட்டியில் வைக்க முடிவது எது, முடியாதது எது என்று அங்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அடிபட்ட இடங்கள்

ராக் கார்டனுக்கு வந்த ஆபத்துகளில் பெரியது மழையோ வெயிலோ அல்ல, பக்கத்து வீடு. உயர் நீதிமன்றம் வளர வளர, அங்கே வருகிற வண்டிகளும் பெருகின. 1990 வாக்கில் சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் என்று தோட்டத்தின் பகுதியை எடுக்கப் புல்டோசர்கள் வந்தன. நகர மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996இல் நேக் சந்த் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்த சமயம், ஆட்களும் நிதியும் குறைக்கப்பட்டிருந்த நேரத்தில், யாரோ புகுந்து சிலைகளை உடைத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1997இல் பிரிட்டனில் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை உருவானது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து மூன்றாம் கட்டச் சுவர்களில் மொசைக் பதித்துக் கொடுத்தார்கள்.

2015 ஜூன் 12 அன்று, 90 வயதில், நேக் சந்த் இறந்தார். மறு ஆண்டு, 2016இல், பக்கத்தில் இருக்கும் லெ கொர்புசியேவின் கேபிடல் வளாகம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் ராக் கார்டன் இல்லை. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்துக்கான சாலை விரிவாக்கத்துக்கும் வாகன நிறுத்தத்துக்குமாகத் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மறுபடி போராட்டம், மறுபடி மனுக்கள். இடித்தது சுவரைத்தான், சிலையைத் தொடவில்லை என்று ஒரு வாதம் வந்தது. சிலைகள்தான் படைப்பு என்று வைத்துக்கொண்டால் அந்த வாதம் நிற்கும். சுவரும் பாதையும்தான் படைப்பு என்று மேலே சொன்னதை ஒப்புக்கொண்டால் நிற்காது.

சத்தமில்லாமல் நடக்கும் சேதம் வேறு. இரும்பு எலும்புக்கூட்டின் மேல் சிமெண்ட் பூசிய எந்த உருவத்துக்கும் ஒரு நோய் உண்டு. மயிரிழை விரிசல் வழியாக ஈரம் உள்ளே போகும், இரும்பு துருப்பிடிக்கும், துரு பருக்கும், பூச்சு பிளந்து விழும். பழைய கான்கிரீட் வீட்டுக் கூரையில் கம்பி வெளியே தெரிவதும் இதே காரணத்தால்தான். கூடவே, போகிற போக்கில் ஒரு வளையல் துண்டைப் பெயர்த்து எடுக்கும் விரல்கள். ஒரு துண்டு போனால் பக்கத்துத் துண்டின் பிடிமானம் தளரும், தண்ணீருக்கு ஒரு வழி திறக்கும். ஆகவே இதற்கு வருடம் முழுக்கப் பழுது பார்க்கும் கை வேண்டும். நேக் சந்த் இருந்தவரை பழுது பார்ப்பதும் புதிதாகக் கட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கமாக இருந்தன. அதே ஆட்கள், அதே கலவை, அதே குவியல். அவருக்குப் பிறகு அது ‘பராமரிப்பு’ என்ற தனிக் கணக்குத் தலைப்புக்குப் போய்விட்டது. கட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் பிரிந்த இடத்தில் எந்தப் படைப்பும் சீக்கிரம் மூப்படையும்.

எளிய பொருளில் செய்வதால் செலவு குறைவு என்று நிதி கேட்கும் விண்ணப்பங்களில் எழுதுகிறோம். பொருளுக்குச் செலவு குறைவுதான். பொறுக்க, கழுவ, பிரிக்க, பதிக்க, பிறகு காலாகாலத்துக்கும் திரும்பப் பதிக்க ஆள் கூலி அதைவிடப் பல மடங்கு. ராக் கார்டனில் அந்தக் கூலியை முதல் பத்து வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் தன் தூக்கத்திலிருந்து கொடுத்தார், அப்புறம் அரசாங்கம் கொடுத்தது. இந்தக் கூலியைக் கணக்கில் எழுதாத திட்டம் எதுவும் இரண்டாம் மழைக்காலத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் பார்க்க வேண்டுமானால்

சண்டிகர் தூரம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது: பாலக்காட்டை அடுத்த மலம்புழா. மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில், 1955இல், கட்டி முடித்த அணை. அணைப் பூங்காவைப் பார்க்கக் கோவைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற இடம். அங்கே இருக்கும் ராக் கார்டனையும் உருவாக்கியவர் நேக் சந்த்தான். பலரும் அது யார் செய்தது என்று தெரியாமலேயே சுற்றிவிட்டு வருகிறார்கள்.

சண்டிகர் அளவுக்கு அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அது ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்த இடம், இது கேட்டுச் செய்வித்த வேலை. ஆனால் டைல்ஸ் துண்டும் வளையலும் பதித்த கை அதே கைதான். கேரளத்து மழை வேறு ரகம். ஈரம் நிற்கிற இடத்தில் பாசி ஏறுகிறது, சிமெண்ட் கறுக்கிறது, பீங்கான் மட்டும் கழுவி விட்டது போல வெளுப்பாக நிற்கிறது. எந்தப் பொருள் எப்படி மூப்படையும் என்பதை ஒரே சுவரில் பார்த்துவிடலாம். போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள். சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த பிறகு, துண்டு விழுந்த குழி எங்கெங்கே இருக்கிறது, அது எந்த உயரத்தில் அதிகம், குழந்தையின் கை எட்டும் உயரமா, பெரியவர் சாயும் உயரமா, தண்ணீர் வடியும் ஓரமா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.